படியேறாமல் பட்டதொம்பலென

இலங்கையில் குருவிட்டவுக்கு அருகே, சிவனொளிபாதமலை அடிவாரக் காட்டில், பட்டதொம்பலென என்ற குகை இருக்கிறது. சுமார் 36,000 ஆண்டுகளுக்கு முன்பே மழைக்காட்டுக்குள் மனிதர் வாழ்ந்ததற்கு அங்கே சான்று உண்டு. பால் தெரணியகலவும், பின்னர் அவர் மகன் சிரான் தெரணியகலவும் அகழ்ந்தார்கள். மனித எலும்புகள், குவார்ட்ஸ் கல்லில் செதுக்கிய நுண்கருவிகள், சிப்பி மணிகள், தின்று போட்ட குரங்கெலும்பு, நத்தை ஓடு எல்லாம் அந்த மண்ணிலிருந்து வெளிவந்தன. பக்கத்துத் தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்கு இது சொந்த ஊர்ச் சரித்திரம். ஆனால் காட்டுப் பாதையில் ஏறித்தான் குகையை அடைய முடியும். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையும் பார்வையில்லாத பிள்ளையும் அதை எப்படி அறிவது?

பாடசாலைகளுக்கான இணைய அருங்காட்சியகம் அதற்கு ஒரு வழி. அமைக்கத் தொடங்குபவர்கள் முதலில் முப்பரிமாணப் படங்களைத்தான் நினைப்பார்கள். என் கணிப்பில், முதல் வேலை எழுத்து.

பார்வையற்ற மாணவர் கணினியைத் திரைவாசிப்பான் கொண்டு பயன்படுத்துகிறார். என்விடிஏ என்ற இலவச மென்பொருள் தமிழையும் வாசிக்கும். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்குவதே அதன் வேலை. படத்தைத் தானாக விவரிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும், படத்தைச் சொல்லால் விவரிக்கும் மாற்றுரை எழுதி வைக்க வேண்டும். ‘கல் கருவி’ என்று மட்டும் எழுதினால் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. ‘விரல் நகத்தளவு வெள்ளைக் கல், பிறை வடிவம், ஒரு விளிம்பு கூர், மறு விளிம்பு மழுக்கப்பட்டது’ என்றால் கருவி கைக்குள் வந்துவிடும். இதை எழுத, பொருளை நன்றாகப் பார்த்த ஒருவர் வேண்டும்.

தமிழில் இன்னொரு சிக்கல். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பாடக்குறிப்புகள் நம்மிடம் ஏராளம். கண்ணுக்கு அங்கே ‘அம்மா’ தெரியும். கணினிக்குள்ளோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில வரிசைதான் இருக்கும். திரைவாசிப்பான் அதைத்தான் எடுத்துப் பிதற்றும். தேடினாலும் ‘அம்மா’ அகப்படாது. அவற்றை யூனிகோடுக்கு மாற்றாமல் இணையத்தில் ஏற்றுவது, பார்வையற்ற பிள்ளையை வாசலிலேயே நிறுத்துவதாகும். எழுத்தைப் படமாக ஸ்கேன் செய்து போட்டாலும் அதே கதிதான்.

மற்ற அணுகல் தேவைகளுக்குத் தெளிவான அளவுகள் உண்டு. வலைத்தள அணுகல் குறித்த சர்வதேச வழிகாட்டி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடாவது கேட்கிறது. சுட்டியைப் பிடிக்க முடியாதவருக்காக எல்லாம் விசைப்பலகையிலும் இயங்க வேண்டும். மலைச்சரிவில் சிக்னல் மெலிந்த கைபேசியிலும் திறக்க, எழுத்து முதலில் வர வேண்டும். கனமான காணொளி, கேட்டால் மட்டும் வரட்டும்.

அருங்காட்சியகம் குகையோடு நிற்கக் கூடாது. 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தின்படி தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறிய உறவுகளைப் பற்றித் தோட்ட லயத்துப் பாட்டிமார் சொல்வதைப் பதிவு செய்து சேர்க்கலாம். காது கேட்காத பிள்ளைக்காக அந்தப் பேச்சை வரிவரியாக, பாட்டியின் வழக்கு மாறாமல் எழுத வேண்டும். பிரட்டுக்களம், கங்காணி, கொழுந்து என்று அவர் சொன்னபடியே இருக்கட்டும். அந்த வரிகளைச் சிங்களத்திலும் தந்தால் அடுத்த பாடசாலைப் பிள்ளையும் படிக்கும்.