பறங்கிக்காய் விளையாத பறங்கிப்பேட்டை!

‘‘சார், உங்க சொந்த ஊர் எது?’’

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் உஷாராக, ‘‘சிதம்பரம் பக்கம்’’ என்று மழுப்பிவிடுவேன். ‘பறங்கிப்பேட்டை’ என்று உண்மையைச் சொல்லிவிட்டால் போச்சு! ஆபீஸில் ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்று முதல் யார் டிபன் பாக்ஸில் பறங்கிக்காய் கூட்டு இருந்தாலும், ‘‘சார், உங்க ஊர்க்காரர் வந்திருக்கார்!’’ என்று கேஷியர் குரல் கொடுப்பார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்கே போக வேண்டியதாயிற்று. என் தாய்மாமா வெள்ளாற்றங்கரையில் ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். அத்தை தவறி இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டை விற்றுவிட்டு அவரைச் சென்னைக்கு அழைத்து வரவேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. ‘‘நீதான்டா பேச்சு சாமர்த்தியம் உள்ளவன்’’ என்று ஐஸ் வேறு!

சிதம்பரத்தில் பஸ் பிடித்துப் போய் இறங்கினேன். மாமா காபி கொடுத்தார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பிப்பதற்குள், ‘‘வா மாப்ள, ஆத்துல ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்’’ என்று கிளப்பிவிட்டார்.

தெரிந்தவர் படகு. துடுப்பு போட்டதும் மாமா ஊர்க்கதையை எடுத்துவிட்டார்.

‘‘பறங்கின்னா காய் இல்லடா, வெள்ளைக்காரன். 16-ம் நூற்றாண்டுல போர்த்துக்கீசியன் வந்து ‘போர்ட்டோ நோவோ’ன்னு பேர் வெச்சான். புதுத் துறைமுகம்னு அர்த்தம். முஸ்லிம் வியாபாரிங்க மஹ்மூது பந்தர்னாங்க. இங்கேருந்து கப்பல் கப்பலா துணி போச்சு, மலாக்கா வரைக்கும். அப்புறம் டச்சுக்காரன் வந்தான், இங்கிலீஷ்காரன் வந்தான். 1781 ஜூலை 1-ந்தேதி ஹைதர் அலிக்கும் அயர் கூட்டுக்கும் சண்டை நடந்தது இந்த ஊர் பக்கத்துலதான். ஹைதர் படை பல மடங்கு பெருசு. ஆனா ஜெயிச்சது கூட்!’’

‘‘அப்புறம் மாமா?’’ என்றேன், சும்மா ஒரு மரியாதைக்கு.

‘‘ஹீத்னு ஒருத்தன். கம்பெனி உத்தியோகத்தை விட்டுட்டு, 1830-ல இங்கே இரும்பு உலை வெச்சான்.’’

நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு சொந்த பிசினஸ்! எங்கள் செக்‌ஷனிலும் இரண்டு பேர் அந்த யோசனையில் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே மீதியைக் கவனமாகக் கேட்டேன்.

சேலம் பக்கத்து மலைகளிலிருந்து இரும்புக் கல் வந்ததாம். உருக்குவதற்கு மரக்கரி. பறங்கிப்பேட்டை இரும்பு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு வரை போனது. அங்கே ஒரு பாலத்துக்கும் உபயோகமானதாகப் பழைய குறிப்புகள் சொல்கின்றன. ஆனால், உலைக்குக் கரி போட்டுக் கட்டுப்படியாகவில்லை. ஹீத் இங்கிலாந்து திரும்பி, எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839-ல் பேடன்ட் வாங்கினார். அதை ஊரே உபயோகித்தது, காசுதான் வரவில்லை. கோர்ட், கேஸ் என்று அலைந்தே 1851-ல் கண்ணை மூடினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இங்கே உலையும் அணைந்துவிட்டது.

படகு முகத்துவாரத்தை நெருங்கியது. கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம். ‘‘கடல் ஏறினா உப்புத் தண்ணி ஆத்துக்குள்ள வரும். இறங்கினா திரும்பிப் போகும். ரெண்டு தண்ணியும் கலக்கிற இடத்துலதான் இறாலும் நண்டும் குஞ்சு வளர்க்கும். அதைப் படிக்கத்தான் இந்த மையம்’’ என்றார் மாமா.

தெற்கே பச்சையாக ஒரு கோடு. பிச்சாவரம் அலையாத்திக் காடு!

‘‘அதையும் ஒரு காலத்துல வெட்டித் தள்ளினாங்க. வெட்டின மண்ணு வெயில்ல காஞ்சு, பள்ளமாச்சு. ஏறின தண்ணி வடிய வழியில்லாம நின்னு வத்தி, உப்பு பூத்துடுச்சு. வெச்ச கன்னெல்லாம் செத்துது. 1990-கள்ல வனத்துறையும் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் ஜனங்களோட சேர்ந்து வாய்க்கால் வெட்டி விட்டாங்க. தண்ணி போக வர ஆரம்பிச்சதும் செடி பிழைச்சுக்கிச்சு.’’

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை.

‘‘2004 டிசம்பர் 26. அன்னைக்கும் ஞாயித்துக்கிழமைதான். டீக்கடையில நிக்கறேன். ஆறு பின்னால திரும்பி வருது, மாப்ள! கடலைப் பார்த்து நின்ன குப்பங்கள்ல எத்தனை சாவு... கூட சீட்டாடினவனைத் தூக்கிட்டு வந்தேன். ஆனா, அந்தக் காட்டுக்குப் பின்னால இருந்த ஊரெல்லாம் தப்பிச்சுது.’’

இது மாமாவின் ஊர்ப்பாசம் மட்டுமில்லை. கடலூர் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்து, மரங்கள் இருந்த இடங்களில் சேதம் குறைவு என்று 2005-ல் ‘சயின்ஸ்’ இதழிலேயே கட்டுரை வந்தது.

இதுதான் சமயம் என்று மெதுவாக ஆரம்பித்தேன். ‘‘அதனாலதான் மாமா சொல்றோம்... மறுபடி வந்தா? 2015-ல வெள்ளம் வேற வந்துச்சு. வீட்டைக் கொடுத்துட்டு...’’

மாமா சிரித்தார்.

‘‘வரும்டா. வராதுன்னு நான் சொல்லலை. போர்த்துக்கீசியன், டச்சுக்காரன், ஹீத்து... லாபம் இருந்தவரைக்கும் இருந்துட்டு எல்லாரும் போயிட்டாங்க. அந்த லிஸ்ட்ல என்னையும் சேர்க்கப் பாக்கறியா?’’

என் பேச்சு சாமர்த்தியம் வெள்ளாற்றோடு போயிற்று.

ராத்திரி அம்மா போனில், ‘‘என்னடா, சம்மதிச்சாரா?’’ என்றாள்.

‘‘ஐப்பசி மழைக்கு முன்னால வீட்டுக்கு ஓடு மாத்தணும். நான்தான் பணம் தர்றேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்’’ என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, ‘‘கொல்லைப்பக்கம்தான் ரொம்ப ஒழுகும், அதை முதல்ல பாரு’’ என்றாள். அவள் பிறந்த வீடாயிற்றே!

திங்கட்கிழமை லன்ச். ‘‘சார், உங்க ஊர்க்காரர்...’’ என்று கேஷியர் டிபன் பாக்ஸை நீட்டினார்.

‘‘உட்காருங்க சார், எங்க ஊரைப் பத்திச் சொல்றேன்’’ என்று ஆரம்பித்தேன். ஹைதர் அலி வருவதற்குள் லன்ச் டைம் முடிந்துவிட்டது. மீதி நாளைக்கு!