படிக்க இடம் கிடைத்தது. பந்தியில் இடம் உண்டா?

திருமுல்லைவாயிலிலும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் இன்று தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். தாத்தா மண் சுமந்தார். அப்பா லேத்து மெஷினில் நின்றார். மகள் இஞ்சினீயரிங் படிக்கிறாள். இது தானாக வந்த மாற்றமா? இல்லை. யாரோ மனமிரங்கிப் போட்ட பிச்சையா? அதுவும் இல்லை. போராடிப் பெற்ற உரிமை இது.

சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி உரிமை உத்தரவு 1928இல் அமலுக்கு வந்தது. கல்லூரிச் சேர்க்கையில் அது செல்லாது என்று 1950இல் சென்னை உயர் நீதிமன்றமும், 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புக் கூறின. தமிழ்நாடு கொதித்தெழுந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் இந்திய அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. அப்படித் திறந்த வாசல் வழியாகத்தான் நம் பிள்ளைகள் உள்ளே போகிறார்கள்.

வாசல் திறந்திருக்கிறது, சரி. வாசலைத் தாண்டி உள்ளே போன பிள்ளையின் கதி என்ன? வகுப்பில் அவனுக்கு இடம் உண்டு; விடுதியில் உண்டா? விடுதியில் உண்டு என்றால், சாப்பாட்டு மேசையில் உண்டா? இதைத்தான் இன்று தோழர்கள் சிந்திக்க வேண்டும் என்கிறோம்.

பந்தி என்றால் என்னவென்று ஆலைத் தொழிலாளிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீன் வைக்கச் செய்யும் அதிகாரத்தைச் சர்க்காருக்குக் கொடுத்தது. சட்டத்தை எழுதியவர்கள் தொழிலாளியின் வயிற்றை நினைத்து எழுதினார்கள். ஆனால் அந்தச் சட்டம் சாதியின் தலையிலும் ஒரு குட்டு வைத்தது. ஊரில் தனிக் குவளையில் டீ குடித்தவன், இங்கே எல்லோரோடும் ஒரே வரிசையில் தட்டு ஏந்தினான். பக்கத்தில் உட்கார்ந்தவன் என்ன சாதி என்று கேட்க மணி அடிக்கும் வரை நேரம் இருக்கவில்லை. சாம்பாரில் உப்புக் குறைவு என்று இருவரும் சேர்ந்து சத்தம் போட்டார்கள். சங்கம் அங்கேதான் பிறந்தது.

ஆலையில் முடிந்தது கலாசாலையில் ஏன் முடியவில்லை?

பழைய கதை ஒன்றை நினைவூட்டுகிறோம். சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் நடத்தினார். தேசபக்தர்களை உருவாக்கும் பள்ளி என்று பெயர். தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு 5,000 ரூபாய் கொடுத்தது. பொதுமக்களும் கொடுத்தார்கள். ஆனால் அங்கே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு, மற்றப் பிள்ளைகளுக்கு வேறு சாப்பாடு. 1924லும் 1925லும் தமிழ்நாடு முழுவதும் இதே பேச்சு. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எழுப்பிய கேள்வி எளியது: பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில் இரண்டு பந்தி ஏன்? இந்த ஒரு கேள்வி ஒரு பெரிய கட்சியையே உலுக்கியது.

அது அந்தக் காலம் என்பீர்களா? இந்தக் காலத்துக்கு வருவோம். கிண்டியில் இருக்கும் ஐ.ஐ.டி. 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கப்பட்டது. 2023இல் கடல் தாண்டி, ஆப்பிரிக்காவின் சான்சிபாரில் கிளையும் திறந்தது. உலகத்தரம் வாய்ந்த ஸ்தாபனம் என்று எல்லோரும் புகழ்கிறார்கள், நாமும் பெருமைப்படுகிறோம். அங்கே 2018 டிசம்பரில் மாணவர் உணவகம் ஒன்றில் அறிவிப்புத் தாள் ஒட்டப்பட்டது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வழி, அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வேறு வழி. கை கழுவும் தொட்டியும் வேறு வேறு. மாணவர்கள் எதிர்த்தார்கள். செய்தி வெளியே வந்தது. தாள்கள் அகற்றப்பட்டன.

சேரன்மாதேவிக்கும் கிண்டிக்கும் நடுவே ஏறத்தாழ 94 ஆண்டுகள். ராக்கெட் விட்டோம்; சந்திரனைத் தொட்டோம்; கை கழுவும் தொட்டியை மட்டும் தாண்ட முடியவில்லை!

சைவம் சாப்பிடுகிறவரின் விருப்பத்தை மதிக்க வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். மதிக்கத்தான் வேண்டும். அவருக்கு வேறு பாத்திரத்தில் சமைக்கட்டும், வேறு கரண்டியால் பரிமாறட்டும். அதில் நமக்குத் தகராறில்லை. ஆனால் வாசலுக்கு ஏன் சைவம்? தண்ணீர்க் குழாய்க்கு ஏன் அசைவம்? உணவைப் பிரிப்பது சமையல் ஏற்பாடு. ஆளைப் பிரிப்பது தீண்டாமை. தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒழித்துவிட்டது.

பந்தி பிரிந்தால் வாயும் அடைக்கப்படும். அதே ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் என்ற மாணவர் அமைப்புக்கு இருந்த அங்கீகாரம் 2015 மே மாதத்தில் ரத்துச் செய்யப்பட்டது. காரணம், பெயர் போடாத ஒரு புகார்க் கடிதம். நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகு, ஜூன் மாதத்தில் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. வெளியே குரல் எழும்பாவிட்டால் கிடைத்திருக்குமா?

ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஐந்து ஆராய்ச்சி மாணவர்கள் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். 2019 மே மாதத்தில் மும்பையில், மலைவாழ் வகுப்பிலிருந்து டாக்டராகி மேற்படிப்புக்கு வந்த பாயல் தட்வி இறந்தார். அந்த இரண்டு பேருடைய தாய்மாரும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். பிள்ளையைப் படிக்க அனுப்பிய தாய், படிப்பு முடிந்ததும் பட்டம் வாங்கும் விழாவுக்குப் போக வேண்டியவள். அவளை நீதிமன்றப் படி ஏற வைத்தது எது?

விதி இல்லாமல் இல்லை. பாகுபாட்டைத் தடுக்க ஒவ்வொரு கலாசாலையிலும் ஓர் அதிகாரி இருக்க வேண்டும், சமவாய்ப்புக்கு ஒரு பிரிவு இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012இலேயே விதி செய்தது. காகிதத்தில் அது பலகாலம் தூங்கியது. 2026 ஜனவரியில் அந்தக் குழு புது விதிகளை அறிவித்தது, எதிர்ப்புக் கிளம்பியது, அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்திவைத்தது. விதி வருவதும் நிற்பதும் டெல்லியில். அவமானப்படுவது மட்டும் நம் பிள்ளை.

இது இந்தியாவுக்கு மட்டும் உள்ள நோயா? உலகத்தையும் பார்ப்போம். 1962இல் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரிடித் என்ற நீக்ரோ மாணவர் சேர்ந்தபோது (அக்காலத்தில் கறுப்பின மக்களை அப்படித்தான் அழைத்தார்கள்) கலவரம் மூண்டு இருவர் மாண்டார்கள். ராணுவம் வந்துதான் அவரை வகுப்பில் உட்கார வைத்தது. ஆனால் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் ஒரு மேசையில் உட்கார்ந்தால், அங்கிருந்த வெள்ளை மாணவர்கள் எழுந்து வேறு மேசைக்குப் போனார்கள். ராணுவம் வகுப்பறைக்கு வழி செய்யும். மேசைக்கு வழி செய்ய முடியுமா?

அம்பேத்கரைப் பாருங்கள். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கே அவர் மற்றவர்களைப் போல ஒரு மாணவர். 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தார். தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதியில் தங்கியவரைத் தடியோடு வந்து விரட்டினார்கள். உலகம் மதித்த படிப்பு, உள்ளூரில் ஓர் இரவு தங்க உதவவில்லை.

பிறகு சாதியும் கப்பல் ஏறியது, விமானம் ஏறியது. நம்மவர்கள் படிக்கப் போன இடத்துக்கு அதையும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். அதனால்தான் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019 டிசம்பரில், நிறத்தையும் மதத்தையும் போலச் சாதியின் பெயராலும் பாகுபாடு கூடாது என்று விதி எழுதியது. 2022 ஜனவரியில், 23 வளாகங்கள் கொண்ட கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகமும் அப்படியே செய்தது. 2023இல் கலிபோர்னியா சட்டசபை இதற்குத் தனி மசோதாவே நிறைவேற்றியது. கவர்னர் கையெழுத்திட மறுத்தார். சாதியைக் கண்டறியாத நாடு அதற்குச் சட்டம் எழுத வேண்டி வந்தது யாரால்? நாம் வெட்கப்பட வேண்டாமா?

"தகுதி பார்த்துச் சேர்த்தால் இந்தப் பிரச்சினையே வராது" என்று சில மேதாவிகள் சொல்கிறார்கள். விடுதிக்குள் நுழைந்த பையனிடம் முதலில் கேட்கப்படுவது என்ன? "உன் ரேங்க் என்ன?" கேட்பது எண், தெரிந்துகொள்ள விரும்புவது சாதி. தமிழில் படித்து வந்தவன் இங்கிலீஷில் தடுமாறினால் சிரிக்கிறார்கள். மூன்று தலைமுறை படித்த வீட்டிலிருந்து வந்தவனையும், முதல் தலைமுறையாகப் பேனா பிடித்தவனையும் ஒரே கோட்டில் நிறுத்திவிட்டு, பின்னால் வந்தவனைத் தகுதியில்லாதவன் என்றால், அது ஓட்டப் பந்தயமா, மோசடியா?

நாம் கேட்பது என்ன? நான்கு காரியங்கள்தான். ஒன்று, புகார் விசாரிக்கும் குழுவில் தாழ்த்தப்பட்ட, பிற்பட்ட, மலைவாழ், சிறுபான்மை வகுப்பினரும் பெண்களும் இருக்க வேண்டும். விசாரணைக்குத் தவணை நாள் வேண்டும். இரண்டு, விடுதி அறையைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொடுக்க வேண்டும். மூன்று, தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைக்கு முதல் ஆண்டில் தனிப் பாட உதவி வேண்டும். நான்கு, உடல் ஊனமுற்றோருக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டம் உயர்கல்வியில் 5 சதவிகித இடம் கொடுக்கிறது. இடம் கொடுத்துவிட்டுப் படிக்கட்டை மட்டும் காட்டினால் அவர் பறந்தா போவார்? சாய்தளம் கட்ட வேண்டும். இதில் எது நடக்காத காரியம்?

இனி நம் பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும். பிறர் முதுகைக் காட்டிப் பேசுகிறவன் தன் முதுகையும் பார்க்க வேண்டாமா?

2023 செப்டம்பரில் கரூர் மாவட்டத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் சமைத்தார் என்பதற்காக அரசுப் பள்ளிக் காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சில பெற்றோர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சித் தலைவர் நேரில் போக வேண்டி வந்தது. தடுத்தவர்கள் கோடீசுவரர்களா? உழைத்துப் பிழைப்பவர்கள். அந்த வீட்டிலிருந்து நாளை ஐ.ஐ.டி.க்குப் போகிற பையன், அங்கே தனித் தொட்டியைத் தேடாமல் என்ன செய்வான்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றியுள்ள பட்டறைகளிலும் பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் உழைக்கிறார்கள். ஆவடிப் பக்கத்துக் கல்லூரிகளில் வெளிமாநிலத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்கள் வாடகைக்கு வீடு கேட்டு வந்தால் நாம் சொல்வது என்ன? "வடக்கத்தி ஆளுக்கு இல்லை" என்கிறோமா? "என்ன ஆளுங்க?" என்று கேட்கிறோமா? 2023 மார்ச்சில், வட மாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பினார்கள். அந்தப் பொய்யை நாம் கண்டித்தோம். கண்டித்த கையால் கதவையும் திறக்க வேண்டும். ஆலையில் நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு வரிசை, காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு வேறு வரிசை என்று இருந்தால், கிண்டிக்குப் போகுமுன் அந்த வரிசையைக் கலையுங்கள்.

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் வட்டாரத்திலிருந்து இந்த ஆண்டு கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் பெயர்களைக் குறித்துவையுங்கள். மாதம் ஒருமுறை விசாரியுங்கள். மதிப்பெண்ணை மட்டும் கேட்காதீர்கள். யாரோடு சாப்பிடுகிறாய், அறையில் யார், யாராவது மனம் நோகப் பேசினார்களா என்று கேளுங்கள். தனியாக இருக்கும் பிள்ளைதான் முதலில் உடைகிறான். பின்னால் ஒரு சங்கம் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை தலைநிமிர்ந்து நடப்பான்.

வாசலைத் திறக்க ஒரு தலைமுறை பாடுபட்டது. உள்ளே ஒரே பந்தி போடுவது நம் தலைமுறையின் வேலை. அந்தப் பந்தியை நம் வீட்டுத் திண்ணையிலேயே தொடங்குவோம்!