தீவைப் பார்க்கும் கண்

திருத்தணி மாதிரியான கோயில் ஊர்களில்கூட, டிராவல்ஸ் போர்டுகளில் காசி, ராமேஸ்வரத்தோடு அந்தமானும் சேர்ந்துவிட்டது. ஐந்து இரவு, ஆறு பகல். நீலக் கடல், வெள்ளை மணல், பவளப்பாறை. படத்தில் ஆள் யாரும் இல்லை. இந்த ஆளில்லாத் தீவு எப்படிக் கட்டமைக்கப்பட்டது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

1858இல் பிரிட்டிஷ் அரசு போர்ட் பிளேரில் (2024இலிருந்து ஸ்ரீ விஜயபுரம்) கைதிகள் குடியிருப்பைத் தொடங்கியது. காடு காலியாக இருக்கவில்லை. 1859இல் கிரேட் அந்தமானியர்கள் வில்லும் அம்புமாக அபர்தீனில் எதிர்த்து நின்று தோற்றார்கள். பிறகு வந்தவர்கள் கொண்டுவந்த நோய்கள் மிச்ச வேலையைச் செய்தன. சில ஆயிரம் பேராக இருந்த அவர்கள் 2011 கணக்கெடுப்பில் 44 பேர். போ மொழி பேசிய கடைசிப் பெண் 2010 ஜனவரியில் இறந்துபோனார். 2018இல் ராஸ், நீல், ஹேவ்லாக் என்ற வெள்ளைக்காரப் பெயர்களை எடுத்துவிட்டு நேதாஜி, ஷாஹீத், ஸ்வராஜ் என்று வைத்தார்கள். காலனியத்தைத் துடைத்த அந்தக் கையும் பூர்வகுடிகளின் சொல் ஒன்றைக்கூடத் திருப்பி எழுதவில்லை.

சுற்றுலாப் பயணியின் கண் இந்த வரலாற்றின் மேல்தான் மேய்கிறது. அடியில் கண்ணாடி வைத்த படகில் உட்கார்ந்து பவளத்தைப் பார்க்கிறோம். 2010இல் கடல்நீர் சூடேறி அந்தமான் பவளப்பாறைகள் பெருமளவில் வெளுத்துப்போன கதை பேக்கேஜில் வராது. மீன் பார்த்து முடிந்ததும் அடுத்த கேள்வி: "ஜாரவாவைப் பார்த்தாச்சா?"

ஜாரவாக்களின் காட்டைக் கிழித்துக்கொண்டு போகிறது அந்தமான் நெடுஞ்சாலை. காப்புக்காட்டுக்குள் அதை மூடும்படி உச்ச நீதிமன்றம் சொன்னது 2002இல். மூடவில்லை. பாராடாங்கின் சுண்ணாம்புக் குகைகளைப் பார்க்கப் போகிற வண்டிகளிலிருந்து பிஸ்கட்டும் வாழைப்பழமும் வீசப்பட்டன. சாப்பாட்டுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் வீடியோ 2012 ஜனவரியில் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை வழியாக வெளியே வந்தது. மீனையும் மனிதரையும் ஒரே டிக்கெட்டில் நுகர்கிற பார்வை இது. பார்ப்பவருக்கு மட்டும் வரலாறு உண்டு. பார்க்கப்படுபவர் இயற்கையின் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

இதெல்லாம் எங்கேயோ கடலுக்கு நடுவில் நடக்கிற சமாச்சாரம் என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. குறிப்பாக நலிவுற்ற பழங்குடிகள் என்று இந்திய அரசு வைத்திருக்கும் பட்டியலில் ஜாரவா, ஓங்கே, சென்டினல், ஷோம்பென் பெயர்களோடு தமிழ்நாட்டு இருளர் பெயரும் இருக்கிறது. திருத்தணி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் கொத்தடிமைகளாக அடைபட்டு, மீட்கப்பட்டவர்களில் பலர் இருளர்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. வேடர் வீட்டில் வளர்ந்த வள்ளியை மணந்து முருகன் வந்து அமர்ந்த மலை என்று தணிகைக்குத் தலபுராணம் சொல்கிறோம். புராணத்துக் காட்டுப்பெண்ணுக்குக் கல்யாண உற்சவம். மலையைச் சுற்றியுள்ள ஊர்களின் ஓரத்தில் சாதிச் சான்றிதழுக்கும் மனைப் பட்டாவுக்கும் அலைகிற இருளச்சி மட்டும் யார் கண்ணிலும் படமாட்டாள். தூரத்துப் பழங்குடி காட்சியாகிறார். பக்கத்துப் பழங்குடி காணாமல் போகிறார். இரண்டையும் செய்வது ஒரே கண்தான்.

இப்போது அந்தக் கண் கிரேட் நிக்கோபார் மேல் விழுந்திருக்கிறது. துறைமுகம், விமான நிலையம், நகரம் என்று சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டை எடுத்துக்கொள்ள 2022இல் அனுமதி கொடுத்தாகிவிட்டது. சுற்றுலாவும் திட்டத்தில் உண்டு. பெருந்தோல் ஆமைகள் முட்டையிட வரும் கலாத்தியா விரிகுடாவில்தான் துறைமுகம். ஷோம்பென்கள் அந்தக் காட்டில் இருக்கிறார்கள், 2011 கணக்குப்படி 229 பேர். நாளைக்கு அங்கேயும் ஒரு பேக்கேஜ் வரும். அந்தப் படத்திலும் ஆள் இருக்கமாட்டார்கள். டிக்கெட் எடுக்கிறவர்கள், படத்திலிருந்து எடுக்கப்பட்டவர்கள் யார் யார் என்று கேட்டுவிட்டு எடுக்கட்டும். அதே கேள்வியை நம்ம ஊர் செங்கல் சூளை வாசலிலும் போய்க் கேட்க வேண்டும்.