உறையூரைக் காதால் பார்க்கலாம்

திருச்சிக்கு வரும் வெளியூர் நண்பர்கள் பெரும்பாலும் ஒரே கோரிக்கையோடு வருகிறார்கள். மலைக்கோட்டை, திருவானைக்கா, திருவரங்கம், சமயபுரம் ஆகிய நான்கையும் ஒரே பகலில் முடித்துவிட்டு இரவு ரயிலைப் பிடிக்க வேண்டும். 'பார்த்துவிட்டு' என்று அவர்கள் சொல்வதில்லை; 'முடித்துவிட்டு' என்றே சொல்கிறார்கள். அந்தப் பட்டியலில் உறையூர் ஒருபோதும் இருந்ததில்லை. ஏன் என்று கேட்டால், "அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்கிறார்கள்.

நேர்மையாகச் சொன்னால், கண்ணுக்கு அதிகம் இல்லைதான். முற்காலச் சோழரின் தலைநகரம் என்று பாடப்புத்தகத்தில் படித்தவர் அங்கே ஓர் அரண்மனைச் சுவரையோ அகழியையோ தேடினால் ஏமாந்துபோவார். நெரிசலான கடைத்தெருக்கள், நகரப் பேருந்துகள், சில கோயில்கள், வீடுகளுக்கு நடுவே குறைந்துகொண்டே வரும் தறிகள். அவ்வளவுதான் கண்ணுக்குக் கிடைக்கும்.

ஆனால் சொல்லுக்கு அங்கே பஞ்சமே இல்லை. சங்கப் புலவர்களின் பெயர்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்: உறையூர் மருத்துவன் தாமோதரனார், உறையூர் இளம்பொன் வாணிகனார், உறையூர் முதுகூத்தனார், உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். மருத்துவர், பொன் வணிகர், கூத்தர், ஒரு சேரியின் பெயர் என்று ஒரு நகரத்தின் தெருக்களே இப்பெயர்களில் அடங்கியிருக்கின்றன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடல்வழிக் குறிப்பு, 'அர்கரு' என்ற ஊரின் மெல்லிய பருத்தித் துணியைப் பற்றிப் பேசுகிறது. அவ்வூர் உறையூரே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் டி.வி.மகாலிங்கம் தலைமையில் இங்கு நடந்த அகழாய்வில், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், சாயத்தொட்டி என்று கருதப்படும் செங்கல் கட்டுமானமும் வெளிப்பட்டன. ஷெர்லாக் ஹோம்ஸ் தன் முதல் கதையில் (1887) கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்து, இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டறிகிறாரே, அந்தச் சுருட்டுத் தொழிலின் பேட்டையும் உறையூர்தான்.

இவற்றில் ஒன்றுகூட நின்று படம் எடுத்துக்கொள்ளக் கூடியதல்ல. ஆகவே இந்த ஊரைக் காதால்தான் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு ஏற்ற கருவி இன்று எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது.

உலகின் பல நகரங்களில் பரவியிருக்கும் ஒலிவழி நடைப்பயணம் என்பது எளிய ஏற்பாடுதான். ஒரு நடைவழியைத் தேர்ந்து, அதில் எட்டோ பத்தோ இடங்களைக் குறித்து, ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று, நான்கு நிமிடப் பேச்சைப் பதிவு செய்துவிடுகிறார்கள். நடப்பவர் கைப்பேசியில் அதைத் தரவிறக்கிக்கொண்டு காதொலிப்பானை மாட்டிக்கொள்கிறார். குறித்த இடத்தை நெருங்கியதும் ஜி.பி.எஸ். அவர் வந்துவிட்டதை உணர்ந்து, அதற்குரிய பேச்சைத் தானே ஒலிக்கச் செய்கிறது. திறந்த வெளியில் கைப்பேசியின் ஜி.பி.எஸ். ஏறத்தாழ 5 மீட்டர் வரை துல்லியமாக இருக்கும்; உயர்ந்த சுவர்களுக்கு இடையிலான சந்துகளில் அது தடுமாறும். ஆகவே நம் ஊர்த் தெருக்களுக்கு, 'இந்த வேப்பமரத்தடியில் நின்று பொத்தானை அழுத்துங்கள்' என்ற பழைய முறையே நல்லது.

அருங்காட்சியகங்களில் இந்த வழக்கம் 1952இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் தொடங்கியது. அப்போது பேச்சு வானொலிபோல ஒலிபரப்பப்பட்டதால், கூடத்தில் இருந்த அனைவரும் ஒரே நேரத்தில் ஒரே ஓவியத்தின் பக்கம் திரும்ப வேண்டியிருந்ததாம். இன்றைய முறையின் சிறப்பே அந்தக் கட்டாயம் நீங்கியதுதான். குழுவின் கொடியைப் பின்தொடர வேண்டியதில்லை. நடுவில் நிறுத்திவிட்டு ஒரு காபி குடிக்கலாம். பாதியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இதை மேலைநாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பரிசில் பெற்று வரும் பாணன் எதிர்ப்பட்ட இன்னொரு பாணனுக்கு வழி சொல்வதையே இலக்கிய வகையாக்கி, ஆற்றுப்படை என்று பெயர் வைத்தவர்கள் நாம். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் உறையூரிலிருந்து புறப்பட்டு ஒரு சோலையில் தங்கும்போது, மாங்காட்டு மறையவன் ஒருவன் வருகிறான். மதுரைக்கு வழி எது என்று கோவலன் கேட்க, கொடும்பாளூரை அடுத்து வழி மூன்றாகப் பிரியும் என்று தொடங்கி, எந்த வழியில் என்ன மலை, என்ன பொய்கை, என்ன ஆபத்து என்று அவன் விரிவாகச் சொல்கிறான். எவ்வழியில் செல்வது என்ற தேர்வு நடப்பவர்களுடையது. தானே நடப்பவருக்கான வாய்மொழி வழிகாட்டி ஒன்றை நம் காப்பியம் உறையூர்ப் புறத்திலேயே வைத்திருக்கிறது.

அண்மையில் ஒரு செயலியில் கிடைத்த திருச்சி ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டுக்கொண்டே உறையூரில் நடந்தேன். மண்மாரி பெய்து உறையூர் அழிந்தது என்ற கதையை, நேற்றைய செய்திபோல ஐயமே இல்லாமல் சொன்னது அந்தக் குரல். அது வெக்காளியம்மன் கோயிலோடு சேர்ந்து வழங்கும் தொன்மம். அம்மன் இன்றும் கூரையில்லாமல் வானம் பார்த்து அமர்ந்திருப்பதற்கு ஊர் சொல்லும் விளக்கம் அது. அந்த அளவில் அருமையான கதை. ஆனால் ஒன்பதாம் நூற்றாண்டில் விஜயாலயன் தஞ்சையைக் கைப்பற்றிய பின் சோழரின் தலைமையிடம் அங்கே நிலைபெற்றது என்பது வேறு வகைச் செய்தி. மண்ணுக்கடியில் கிடைத்த பானை ஓடு இன்னொரு வகை. 'ஊர் சொல்கிறது', 'ஏடு சொல்கிறது', 'மண் சொல்கிறது' என்று மூன்றையும் பிரித்துச் சொல்லாத குரல், கேட்பவரை ஏமாற்றுகிறது. புத்தகத்தில் படித்தால் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு யோசிக்கலாம். இடத்திலேயே நின்று கேட்கும்போது காதுக்குள் ஒலிப்பதை மனம் உடனே நம்பிவிடுகிறது.

பிறகு நானும் என் அக்காள் மகனும் சேர்ந்து, எங்களுக்கு மட்டுமாக ஒரு நடைவழியைப் பதிவு செய்தோம். வெக்காளியம்மன் கோயிலில் தொடங்கி, சம்பந்தர் பாடிய பஞ்சவர்ணேசுவரர் கோயில், நாச்சியார்கோயில் வழியாகக் காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கம் ராஜகோபுரத்தில் முடியும் வழி. பேருந்தில் ஏறினால் அரை மணிகூட ஆகாது. எங்களுக்கு ஒரு காலைப்பொழுது முழுவதும் ஆனது.

இந்த வழியை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. ஆண்டுதோறும் பங்குனி ஆயில்யத்தன்று நம்பெருமாள் திருவரங்கத்திலிருந்து காவிரியைக் கடந்து உறையூருக்கு எழுந்தருளி, சோழன் மகளாகப் பிறந்த கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி சேவை சாதித்துத் திரும்புகிறார். பல்லக்கு போகும் வேகமும், மண்டகப்படிக்கு மண்டகப்படி அது நிற்கும் நிதானமும் பார்த்தவர்களுக்குத் தெரியும். மெதுவாகப் போவது எப்படி என்பதைப் புதிதாக யாரும் இந்த ஊருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

இந்த வழியில் இன்னொருவரும் இருக்கிறார். உறையூரில் வளர்ந்த திருப்பாணாழ்வார், தாழ்த்தப்பட்ட பாணர் குலத்தவர் என்பதால் அரங்கத் தீவில் கால்வைக்காமல், காவிரியின் தென்கரையிலேயே நின்று பாடினார் என்பது வைணவ மரபு சொல்லும் வரலாறு. நீர் எடுக்க வந்த உலோகசாரங்கர் அவரை விலகச் சொல்கிறார், பாட்டில் கரைந்திருந்தவர் காதில் அது விழவில்லை, கல் எறியப்படுகிறது, நெற்றியில் குருதி. பின்னர் அரங்கனே கனவில் ஆணையிட, கல் எறிந்தவரே அவரைத் தோளில் சுமந்து கோயிலுக்குள் கொண்டுசெல்கிறார். கோயிலுக்குள் நின்று கேட்டால் இக்கதையில் தோளில் சுமந்த பகுதிதான் மனத்தில் நிற்கும். தென்கரையில் நின்று கேட்டபோது கல்தான் நின்றது. ஆற்றின் அகலத்தைக் கண்ணெதிரே பார்த்தபடி, உள்ளே போக முடியாத ஒருவரைப் பற்றிக் கேட்பது வேறு அனுபவம்.

பாலத்தின் நடுவே வடக்கே பார்த்தால் ராஜகோபுரம் தெரிகிறது. ஆழ்வாரும் இதைத்தானே பார்த்திருப்பார் என்று மருமகன் கேட்டான். இல்லை. நெடுங்காலம் மொட்டைக்கோபுரமாக நின்ற அது, பதின்மூன்று நிலைகளோடு 236 அடி உயரத்துக்கு நிறைவுற்றது 1987இல். கண் தானாகச் செய்துகொள்ளும் இத்தகைய பிழையைத் திருத்தவும் ஒரு குரல் தேவைப்படுகிறது. அதை அப்போதே பாலத்தில் நின்று பதிவில் சேர்த்தோம். பின்னணியில் லாரிச் சத்தம் இருக்கிறது, பரவாயில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். நடைபாதை இல்லாத சாலையில் இரு காதையும் அடைத்துக்கொண்டு நடப்பது ஆபத்து. ஒரு காது தெருவுக்கு என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம். நின்றால்தான் கேட்பது, நடக்கும்போது அணைத்துவிடுவது என்றால் இன்னும் நல்லது. சித்திரை வெயிலில் இதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். மார்கழி, தை மாதங்களில், காலை ஆறு மணிக்குத் தொடங்குவது உத்தமம். தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதை நான் இடையூறாகக் கருதவில்லை. வாசலில் கேட்டுவிட்டு, கைப்பேசியை ஒப்படைத்துவிட்டு, வெறுங்கையோடு உள்ளே போய்ப் பார்ப்பதுதான் முறையாகவும் இருக்கிறது. உள்ளூர் வழிகாட்டிகளின் பிழைப்பு கெடாதா என்று கேட்கிறார்கள். திருவரங்கத்தில் அந்தக் கவலை நியாயமானது. உறையூரில் கெடுவதற்கு அப்படியொரு பிழைப்பே இன்னும் உருவாகவில்லை.

யாருடைய குரல் என்பதுதான் இதில் பெரிய கேள்வி. அமெரிக்காவின் அல்காட்ராஸ் பழைய சிறையில் பார்வையாளர்கள் கேட்கும் ஒலிப்பதிவில், அங்கே காவலர்களாகவும் கைதிகளாகவும் இருந்தவர்களே பேசுகிறார்கள். அதன் புகழுக்கு அதுவே காரணம். நம்மிடமோ, பயிற்சி பெற்ற அறிவிப்பாளரின் வழுவழுப்பான குரல்தான் தரம் என்ற எண்ணம் இருக்கிறது. உறையூரின் நெசவைப் பற்றி அறிவிப்பாளர் ஏன் பேச வேண்டும்? தறியில் அமர்ந்தவர்களும் சுருட்டு சுற்றியவர்களும் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் முதியவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பெரிப்ளூஸ் காலத்திலிருந்து இந்த ஊர் நெய்திருக்கிறது என்று பெருமை பேசும் நாம், கடைசியாக நெய்பவரின் குரலைப் பிடித்துவைக்காமல் விட்டுவிடுவோமோ என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. கோபுரம் பத்தாண்டு காத்திருக்கும்; இவர்கள் காத்திருக்க முடியாது.

இதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. திருச்சியில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. தமிழ்த் துறையும் வரலாற்றுத் துறையும் சேர்ந்து, மாணவர்களுக்கு ஒரு பருவத்துக்கான பணியாக ஆளுக்கு ஒரு தெருவைக் கொடுத்தால் போதும். சுற்றுலாத் துறை அவற்றைச் சரிபார்த்துக் கட்டணமின்றி வெளியிடலாம். ஒவ்வோர் இடத்திலும் க்யூஆர் குறியீடு அச்சிட்ட ஒரு சிறு பலகை. அதைப் பராமரிக்க ஒருவர். பலகையை நட்டுவிட்டு மறந்துபோவது நம் வழக்கம் என்பதால், அந்த ஒருவரை அழுத்திச் சொல்கிறேன்.

எங்கள் பதிவுக்காக ஒரு நெசவாளப் பெரியவரிடம் பேசினோம். பாவு, ஊடை என்று தொடங்கி, முன்பெல்லாம் தெருவில் எந்த வீட்டுத் தறி நின்றாலும் ஓசை குறைவதை வைத்தே தெரிந்துவிடும் என்றார். பதிவைத் திரும்பப் போட்டுக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டவர், "என் பேச்சுதான் ரொம்ப இருக்கு சார், தறிச்சத்தம் பத்தலை. இன்னொரு நாள் காலையிலே வாங்க, நாடா ஓடுறதைத் தனியாப் பிடிச்சுக்கலாம்" என்றார். வருகிற சனிக்கிழமை போகிறோம்.