கட்டியவையும் பிரித்தவையும் - 11: மனை வேண்டாம், வீடு மட்டும்

மண்டகப்பட்டுக் குடைவரையை யாரும் விலை பேச முடியாது. பேசி முடித்தாலும் எடுத்துக்கொண்டு போக வழியில்லை. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் வரும் சிறு குன்று அது. முகப்பில் தூண்கள், இரண்டு ஓரத்திலும் வாயிற்காவலர்கள், உள்ளே மூன்று கருவறைகள். எல்லாம் ஒரே பாறை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன், விசித்திரசித்தன் என்ற பட்டப்பெயரோடு அங்கே ஒரு வடமொழிக் கல்வெட்டு வெட்டி வைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு நான்கும் இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் கோயில் எடுத்தேன் என்று அதில் பெருமைப்பட்டுக்கொள்கிறான்.

அரசன் தள்ளிவைத்த அந்த நான்கில் முதல் மூன்றைத்தான், இன்று பழைய வீடு இடிக்கும் காண்டிராக்டர் காசு கொடுத்து வாங்கிப் போகிறார். சுண்ணாம்பு குப்பைமேட்டுக்குப் போகிறது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. மற்றவை சேதமில்லாமல் கைக்கு வருவதற்கே அந்தச் சுண்ணாம்புதான் காரணம். சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட மென்மையானது. கொத்தின் முனையால் தட்டினால் உதிர்ந்துவிடும், கல் முழுசாக நிற்கும். சிமென்ட் வைத்துக் கட்டிய சுவரைப் பிரித்துப் பாருங்கள்: சாந்து விடாது, கல்தான் உடையும். அது ஜல்லிக்குத்தான் ஆகும். ஆகையால், பிரித்து எடுத்துப் போய் வேறு மனையில் மறுபடி கட்டலாம் என்ற பேச்செல்லாம் நம் தாத்தா, பாட்டன் காலத்து வீட்டுக்கு மட்டுமே செல்லும். நாம் கட்டிக் குடியிருக்கும் கான்கிரீட் வீட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

புதுவைக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்று சொல்லப்படுவதைச் சென்ற வாரம் பார்த்தோம். அவை படையெடுப்பில் போனவை என்பார்கள். இந்த வாரம், உரிமையாளரே கையெழுத்துப் போட்டு அனுப்பி வைத்த வீடுகள்.

வீடு அசையாச் சொத்துதானே, அதை எப்படித் தனியே விற்பது என்ற கேள்வி முதலில் வரும். நிலத்தோடு சேர்த்து விற்றால் பத்திரப் பதிவு கட்டாயம். ஆனால் நிலத்தோடு ஒட்டிய ஒன்றைப் பிரித்து எடுத்துப் போவதாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அது சரக்கு என்கிறது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். காலை வரை அசையாச் சொத்தாக இருந்தது, மாலையில் கையெழுத்தானதும் அரிசி மூட்டை போல லாரியில் ஏறத் தகுதி பெற்றுவிடுகிறது. இடிக்கும் காண்டிராக்டர்கள் சட்டப் புத்தகம் பார்க்காமலேயே காலங்காலமாக இந்த வியாபாரத்தைத்தான் செய்கிறார்கள்.

நமக்குப் பக்கத்து உதாரணம் கொழும்பில் இருக்கிறது. பாத்திக் துணி ஓவியக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்காக ஜெஃப்ரி பாவா வடிவமைத்து 1962இல் முடித்த வீடு அது. நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், மேலே ஓடு. இலங்கைக் கட்டடக் கலையில் பெரிய திருப்பம் என்று இன்றும் மாணவர்களுக்குப் பாடம் நடத்தப்படும் வீடு. ஊர் வளர்ந்தது, மனை விலை ஏறியது, இடம் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனது. வாங்கியவருக்கு மனை போதும், கட்டடம் வேண்டாம். அதனால் வீட்டைப் பிரித்து, கல், மரம், ஓடு என்று எண்ணிட்டு, பெந்தோட்டைப் பக்கத்தில் பாவாவின் சொந்தத் தோட்டமான லுனுகங்காவுக்குக் கொண்டுபோனார்கள். 2015இல் ஏனா காலமானார். அடுத்த ஆண்டு வீடு அங்கே திறக்கப்பட்டது. பிரித்ததற்கும் திறந்ததற்கும் இடையில் வருடங்கள் ஓடிவிட்டன. பிரிப்பது மாதக் கணக்கு. கோர்ப்பதுதான் வருடக் கணக்கு.

நம் பக்கம் இதை ஒரு வேலையாகவே எடுத்துச் செய்தது மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன். டெபோரா தியாகராஜன் 1984இல் தொடங்கிய அமைப்பு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996 டிசம்பரில் அது திறந்த தட்சிணசித்ராவைத் திண்டிவனத்துக்காரர்கள் பலர் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் ஆரம்ப வரைபடம் கொடுக்க, அவரிடம் பயின்ற பென்னி குரியாகோஸ் வேலையை நடத்தினார். இடிபட இருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, அந்தந்த ஊர்த் தச்சர், கொத்தனாரைக் கொண்டே மறுபடி எழுப்பினார்கள். புதுப்பள்ளியிலிருந்து வந்த கேரளத்து சிரியன் கிறிஸ்தவர் வீடும், செட்டிநாட்டு வணிகர் வீடும் அப்படி வந்தவைதான். அந்தச் செட்டிநாட்டு முகப்பில் நின்று தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளாத கல்யாண ஜோடி குறைவு.

மர வேலையைப் பிரிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய நிலையிலும் உத்தரத்திலும் ஆணி அதிகம் இருக்காது. ஒரு கட்டையின் முனையைக் காது போலச் செதுக்கி இன்னொன்றின் துளையில் இறக்கி, குறுக்கே மர முளை அடித்திருப்பார்கள். முளையை எதிர்ப்பக்கமிருந்து தட்டி எடுத்தால் கட்டை கழன்று வரும். கடப்பாரையைப் போட்டால் காது பிய்ந்துவிடும். பிய்ந்த காது பிறகு எதையும் தாங்காது. எண் போடுவதிலும் சூட்சுமம் உண்டு. சாக்பீஸில் எழுதினால் ஒரு மழைக்குத் தாங்காது. பெயின்ட் எழுத்து லாரியில் உரசி அழியும். உளியால் கீறி வைத்தால் நிற்கும், அதுவும் பொருத்திய பின் வெளியே தெரியாத பக்கத்தில். இவ்வளவு செய்தும் உத்தரத்தின் தலைப்பு கைவிடும். சுவருக்குள் புதைந்திருந்த அந்த ஒரு முழம்தான் ஈரத்திலும் கரையானிலும் முதலில் போவது. அதை அறுத்துத் தள்ளினால் புது இடத்தில் கூடத்தின் அகலம் குறையும். ஒட்டுப்போட்டுச் சேர்க்கத் தெரிந்த ஆசாரி கிடைத்தால் தப்பிக்கலாம்.

பிரிக்காமல் வீட்டை அப்படியே நகர்த்துவதும் உண்டு. சிலி நாட்டின் சிலோயே தீவில் மரவீட்டை மாடு பூட்டி இழுப்பார்கள். ஊரே கூடி வேலை செய்யும், வீட்டுக்காரர் சாப்பாடு போடுவார். பஞ்சாபின் சங்ரூர் மாவட்டத்தில் 2022இல் ஒரு விவசாயி, விரைவுச்சாலைக்குக் குறுக்கே வந்த தன் புது மாடி வீட்டை ஜாக்கி, சக்கரம் வைத்துச் சில நூறு அடி தள்ளி வைத்தார். ஆனால் விற்று, தூர தேசம் அனுப்ப அது ஆகாது. சீனத்தின் அன்ஹுயி மாகாணத்திலிருந்து 16 படுக்கையறை கொண்ட யின் யூ தாங் வீடு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் சேலத்துக்குப் (நம் சேலம் அல்ல) போனதும் துண்டு துண்டாகத்தான். 2003இல் அங்குள்ள பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தில் அதைத் திறந்தார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, விற்கிறவரைத் திட்டுவது நம் ஊரில் எளிது. நான் அந்தக் கட்சி இல்லை. செட்டிநாட்டில் ஒரு வளவு வீட்டுக்குப் பங்காளிகள் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். ஓடு மாற்றும் செலவை யார் ஏற்பது என்பதிலேயே பேச்சு நின்றுவிடும். வருடத்தில் ஒருநாள் படைப்புக்குக் கூடுகிறவர்களால் மீதி நாள் மழையைத் தடுக்க முடியாது. கடைசியில் வீடு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கதவு தனி, தூண் தனி, கண்ணாடி தனியாக வந்து நிற்கிறது. பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கு அங்கிருந்து ஏதோ ஓட்டலின் வரவேற்பறைக்குப் போகும். என் வருத்தம் விற்றதில் இல்லை, சில்லறையாக விற்றதில்தான். ஒரே கைக்கு, ஒரே வரைபடத்தோடு போயிருந்தால் அது இன்னும் வீடுதான். விலையும் கூடியிருக்கும்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் அவ்வளவு பெரிய வளவுகள் கிடையாது. நாட்டு ஓடு வேய்ந்த வீடுகளும், உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெத்தை வீடுகளும்தான் நம் கணக்கு. சாலை அகலப்படுத்தும்போதும் பாகப்பிரிவினையின்போதும் முதலில் போவது இவைதான். எந்த அருங்காட்சியகமும் இவற்றைத் தேடி வரப்போவதில்லை. ஆனாலும் ஊருக்கு வெளியே தோட்ட வீடு கட்ட நினைக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். புதுவை, ஆரோவில் பக்கம் பழைய மரத்துக்கும் ஓட்டுக்கும் ஆள் தேடுகிறார்கள்.

உங்கள் வீட்டை இடிக்கத்தான் போகிறீர்கள் என்றால் தடுக்க நான் யார்? காண்டிராக்டரிடம் முன்பணம் வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். அளவெடுத்து வரைபடம் போடத் தெரிந்த ஒருவரை வைத்து வீட்டை முழுசாக வரைந்து, ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுத்து வையுங்கள். பங்காளிகள் எல்லோருடைய கையெழுத்தையும் அன்றே வாங்கிவிடுங்கள். வழி தெரியாவிட்டால் பழைய வீடுகளைப் பதிவு செய்து பழகிய இன்டாக் அமைப்பு புதுச்சேரியிலேயே இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். அதன் பிறகும் முழுசாக வாங்க ஆள் வராவிட்டால் கடப்பாரையைக் கூப்பிடலாம்.