தாய்வீட்டுக்குப் போற பொண்ணோட பையில என்ன இருக்கணும்?



சில மாதங்களுக்கு முன் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் வசூலாகி, தீர்மான நோட்டில் கையெழுத்தும் போட்டாச்சு. எல்லாரும் எழுந்திருக்கும் நேரத்தில் ஒரு அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மேடம், என் மருமகளுக்குக் குழந்தை பிறந்து நாலு மாசம் ஆகுது. முதல் தவணைப் பணம் வந்துச்சு. அதுக்கப்புறம் ஒண்ணுமே வரலை. நர்ஸம்மாவைக் கேட்டா, உங்க மருமக இங்க இல்லையேன்னு சொல்றாங்க. அவங்க அம்மா ஊர்ல கேட்டா, பதிவு இங்க இல்லையேன்னு சொல்றாங்க. அப்ப என் மருமக எந்த ஊரு?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மறுபடியும் உட்கார்ந்து விவரம் கேட்டேன்.

நடந்தது என்ன?

மருமகளுக்குக் கல்யாணம் ஆகி முதல் பிரசவம். மூன்றாம் மாதத்திலேயே நர்ஸம்மாவிடம் பதிவு செய்து விட்டார்கள். பரிசோதனை, ஊசி எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆறாம் மாதம் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8 தான் இருந்தது. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை. அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். அடுத்த முறை ஏற்ற வேண்டிய தேதியையும் அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தத் தேதிக்கு முன்பே ஏழாம் மாத வளைகாப்பு வந்தது. வளையல் போட்டு, அஞ்சு வகை சாதம் கட்டி, தாய்வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். அட்டை மட்டும் போகவில்லை. "பீரோவுல பத்திரமா வச்சிருந்தேன் மேடம். தொலைஞ்சு போயிடக் கூடாதுன்னுதான்," என்றார் அந்த அக்கா.

தாய்வீட்டில் யாருக்கும் ரத்தம் குறைவு என்று தெரியாது. மருந்து ஏற்றும் தேதி போய்விட்டது. அந்த ஊர் நர்ஸம்மாவுக்கு இப்படி ஒரு கர்ப்பிணி வந்திருப்பதே தெரியாது. பிரசவத்தன்று ரத்தப்போக்கு அதிகமாகி, அவசரமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி, ரத்தம் ஏற்றித்தான் அந்தத் தங்கையைக் காப்பாற்றினார்கள். தாயும் பிள்ளையும் இப்போது நலம். ஆனால் அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்லும்போது அந்த அக்காவின் கை நடுங்கியது.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? மாமியார் அக்கறையாகத்தான் இருந்தார். அம்மாவும் அக்கறையாகத்தான் இருந்தார். இரண்டு ஊரிலும் நர்ஸ் இருக்கிறார், அங்கன்வாடி இருக்கிறது. இரண்டு ஊருக்கும் நடுவில்தான் யாரும் இல்லை. அந்த நடு இடத்தில் நிற்க வேண்டியது நம் குழுதான் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

என்னென்ன உதவிகள் இருக்கின்றன?

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பிக்மி நம்பர். கர்ப்பம் தெரிந்தவுடன் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்தால் 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும். இதையே ஆர்.சி.எச். எண் என்றும் சொல்வார்கள். 12 வாரத்துக்குள் பதிவு செய்துவிடுவது நல்லது. பரிசோதனை, மகப்பேறு நிதி, பிரசவம், தடுப்பூசி எல்லாம் இந்த எண்ணில்தான் ஏறும். 2017 முதல் பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண்ணைக் கேட்கிறார்கள். இந்த எண் ஊருக்குச் சொந்தமில்லை, தாய்க்குச் சொந்தம். அவள் எங்கே போனாலும் கூடவே போகும். தாய்வீட்டில் புதிதாக இன்னொரு பதிவு போடக் கூடாது. பழைய எண்ணைச் சொன்னாலே போதும்.

அடுத்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம். புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்து, டாக்டராகி, சென்னை சட்ட மேலவைக்குள் போன முதல் பெண் உறுப்பினர் அவர். அவர் பெயரிலான இந்த உதவி 2006-ல் 6,000 ரூபாயாகவும், 2011-ல் 12,000 ரூபாயாகவும், 2018-ல் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. 18,000-ல் 14,000 பணமாகவும், மீதி 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமும் என்று வகுத்தார்கள். 19 வயது நிரம்பிய ஏழைத் தாய்மார்களுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு என்பது விதி. தவணை முறை இடையிடையே மாறியிருக்கிறது. எனவே பக்கத்து வீட்டுக்கு எப்போது வந்தது என்று பார்க்காமல், நடப்புத் தவணையை நர்ஸம்மாவிடமே கேட்டுக் குறித்துக் கொள்ளுங்கள்.

மூன்றாவது அங்கன்வாடி. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது. பால்வாடி என்றால் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறோம். கர்ப்பிணிக்கும், பிள்ளை பெற்று ஆறு மாதம் வரை பாலூட்டும் தாய்க்கும் அங்கே சத்துமாவு உண்டு. தாய்வீட்டுக்குப் போனால் அந்த ஊர் மையத்தில் பேரை மாற்றிக் கேட்டு வாங்கலாம்.

நான்காவது, அரசு ஆஸ்பத்திரியில் செலவில்லாத பிரசவம். 2011 ஜூன் 1-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி சுகப்பிரசவம் ஆனாலும், ஆபரேஷன் ஆனாலும், மருந்து, பரிசோதனை, ரத்தம், சாப்பாடு எல்லாம் இலவசம். சாப்பாடு சுகப்பிரசவத்துக்கு மூன்று நாள், ஆபரேஷனுக்கு ஏழு நாள் வரை. வலி வந்தால் 108. குழந்தையோடு வீடு திரும்ப 102 தாய் சேய் ஊர்தி. இரண்டுக்கும் காசு கிடையாது. பிரசவத் துணையாக ஒரு பெண் கூட இருக்கவும் அரசு ஆஸ்பத்திரிகளில் இடம் உண்டு. முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை

வளைகாப்பு அன்று புடவை, வளையல், பலகாரம் எல்லாம் நாமே யோசித்து எடுத்து வைத்து விடுவோம். இதையும் சேர்த்து வையுங்கள்.

1. தாய் சேய் நல அட்டை. ரத்த வகை, ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம், போட்ட ஊசி எல்லாம் இதில்தான் இருக்கிறது. ராத்திரி ரெண்டு மணிக்குப் பார்க்கும் டாக்டருக்கு நம் பொண்ணைப் பற்றிச் சொல்ல இந்த அட்டை ஒன்றுதான் உண்டு. இது பீரோவில் இருக்க வேண்டிய பொருள் இல்லை.

2. ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள்.

3. பிக்மி நம்பர். அட்டையில் இருந்தாலும் தனியாக ஒரு தாளில் எழுதி வையுங்கள். கணவர் போனிலும், அம்மா போனிலும் இருக்கட்டும்.

4. ஆதார் அட்டை நகல், அவள் பெயரிலேயே உள்ள பேங்க் பாஸ்புக் நகல். ஆதாரில் அப்பா இனிஷியல், பாஸ்புக்கில் கணவர் இனிஷியல் என்று இருந்தால் பணம் வருவதில் சிக்கல் வரும். இதை ஐந்தாம் மாதத்துக்குள் சரிசெய்து விடுங்கள். ஒன்பதாம் மாத வயிற்றோடு பேங்க் வரிசையில் நிற்க விடாதீர்கள்.

5. இரும்புச்சத்து மாத்திரை. கர்ப்ப காலத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு 180 நாள், தினமும் ஒன்று. டீ, காபியோடு சேர்த்துச் சாப்பிட வேண்டாம், சத்து உடம்பில் சேராது.

மூன்று போன்

அட்டை போனால் மட்டும் போதாது. மூன்று பேருக்கு போன் போக வேண்டும்.

முதல் போன், இந்த ஊர் நர்ஸம்மா அந்த ஊர் நர்ஸம்மாவுக்கு. "இந்த நம்பர் கர்ப்பிணி உங்க ஏரியாவுக்கு வர்றாங்க, ரத்தம் குறைவு, அடுத்த தேதி இது" என்று சொல்லிவிட்டால் போதும். அதை நினைவுபடுத்துவது நம் வேலை.

இரண்டாவது போன், அங்கன்வாடி டீச்சருக்கு. பேரை மாற்றிக் கொடுக்கச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது போன், குழுவிலிருந்து குழுவுக்கு. நம் ஊரில் இருப்பது போல அந்த ஊரிலும் ஒரு மகளிர் குழு இருக்கும். "எங்க ஊர் மருமக உங்க ஊருக்கு வந்திருக்கா, ஒரு கண் வச்சுக்கோங்க" என்று ஊக்குநரிடம் சொல்லுங்கள். தலைவலி, கண் மங்கல், கை கால் முகம் வீக்கம், வலிப்பு, ரத்தப்போக்கு, காய்ச்சல், பனிக்குடம் உடைவது, குழந்தையின் அசைவு குறைவது — இதில் ஒன்று வந்தாலும் காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. இதை அந்த வீட்டில் நேரில் போய்ச் சொல்ல அங்கே ஒருவர் வேண்டும்.

பிரசவம் முடிந்த பிறகு

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர் கூட வேண்டாம். இதெல்லாம் நாம் பலமுறை பேசியதுதான். இங்கே இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, பிறப்புப் பதிவு. குழந்தை எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊரில்தான் பதிவாகும், அப்பா ஊரில் இல்லை. 21 நாளுக்குள் பதிவு செய்தால் இலவசம். ஆஸ்பத்திரியில் விவரம் எழுதும்போதே அப்பா அம்மா பெயர் ஆதாரில் இருப்பது போல இருக்கிறதா என்று பாருங்கள். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பல வேலைகளுக்கும் இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம்.

இன்னொன்று, தாயின் மனசு. பிள்ளை பெற்ற சில நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது நிறையப் பேருக்கு உண்டு, தானாகச் சரியாகிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை, தூக்கமின்மை, பிள்ளையைத் தூக்கப் பிடிக்காமல் இருப்பது என்று தொடர்ந்தால் அது திமிரும் இல்லை, பேயும் இல்லை. வைத்தியம் உள்ள ஒரு நோய். நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

திரும்பி வரும்போது

மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு கணவர் வீட்டுக்கு வருவார்கள். பிறந்தவுடன் போடும் ஊசிக்குப் பிறகு 6, 10, 14-வது வாரங்களில் ஊசி, 9-ம் மாதத்தில் தட்டம்மை ஊசி. பயணம் இந்தத் தேதிகளுக்கு நடுவில்தான் வரும். "அங்க போட்டுக்கலாம்"னு இவங்க, "அங்கயே போட்டிருப்பாங்க"ன்னு அவங்க. இப்படித்தான் ஒரு ஊசி விட்டுப் போகிறது, கூடவே பணத் தவணையும் நின்று போகிறது. அதனால் அதே அட்டை, அதே மூன்று போன், இந்த முறை எதிர்ப்பக்கமாக.

நம் குழு என்ன செய்யலாம்?

சமூகப்பணி படித்துவிட்டுக் களத்துக்கு வந்த புதிதில், திட்டங்களின் பெயரை மக்களிடம் சொல்லிவிட்டால் என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். பெயர் தெரியாமல் யாரும் கஷ்டப்படவில்லை. கூடப் போக ஆள் இல்லாமல்தான் கஷ்டப்படுகிறார்கள். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது உங்களைப் போன்ற அக்காமார்கள்தான்.

அந்த அக்காவின் குழுவில் அன்றைக்கே ஒரு தீர்மானம் எழுதினார்கள். நோட்டின் கடைசிப் பக்கம் கர்ப்பிணிப் பக்கம். உறுப்பினர் வீட்டில் யார் கர்ப்பம், பிக்மி நம்பர், பிரசவத் தேதி, எந்த ஊருக்குப் போகிறார், யார் போன் செய்வது, எல்லாம் அதில் இருக்கும். ராத்திரி அவசரத்துக்குக் கூட்டம் கூடும் வரை காத்திருக்காமல், ஊக்குநரும் பிரதிநிதியும் சேர்ந்து உடனே ஒரு சிறு கடன் கொடுக்கலாம் என்றும் எழுதிக் கொண்டார்கள்.

அந்த மருமகளின் பழைய எண்ணையும், பிரசவ விவரச் சீட்டையும், பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு இரண்டு உறுப்பினர்கள் நர்ஸம்மாவிடம் போனார்கள். பிரசவமும் தடுப்பூசியும் அந்த எண்ணில் ஏற்றப்படாமல் இருந்தது தெரிந்தது. ஏற்றினார்கள். கொஞ்ச நாளில் தவணைப் பணம் கணக்கில் வந்தது. ஆனால் அந்த ராத்திரி ஓடிய ஓட்டத்தை யாரும் திருப்பித் தர முடியாது.

அடுத்த கூட்டத்தில் சேமிப்பு வசூலுக்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம குழுவுல யார் வீட்டுப் பொண்ணு இப்ப மாசமா இருக்கா? அவ அட்டை எங்க இருக்கு?"

பீரோவில் என்று பதில் வந்தால், அன்றைக்கே எடுத்து அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கள ஒருங்கிணைப்பாளர்