கைமரத்துக் கருவண்டு

உளுந்தூர்பேட்டையில் நம் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு நாள் காலை, கைமரத்துக்கு நேர் கீழே மரத்தூள் சிறு குவியலாகக் கிடந்தது. அண்ணாந்து பார்த்தால், கவராயம் வைத்துக் கீறினாற்போல ஒரு வட்டத் துளை. விரல் நுழையும் அளவு. உள்ளிருந்து ரம்பம் அறுப்பது போன்ற ஓசை வேறு. "சீமெண்ணெய் ஊற்றிக் களிமண்ணால் அடைத்துவிட வேண்டியதுதான்" என்று வீட்டார் ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். குற்றவாளியை விசாரியாமல் தண்டிப்பது முறையன்று என்று சொல்லி நாம் சில நாள் தவணை வாங்கினோம்.

கருவண்டு என்று நாம் அழைக்கும் இப்பிராணி உண்மையில் வண்டினமே அன்று, தேனீக்கு உறவு. சாஸ்திரிகள் இதற்கு இட்ட பெயர் 'ஸைலோகோபா'. கிரேக்க மொழியில் மரம் வெட்டி என்று பொருள். மரத்தைக் குடைகிறதேயன்றித் தின்பதில்லை. கர்ணனின் தொடையைத் துளைத்த வண்டின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது சற்று ஏமாற்றந்தான்! முகத்துக்கு நேரே அந்தரத்தில் நின்று ரீங்காரமிட்டுக் குழந்தைகளை ஓட ஓட விரட்டுவது பெரும்பாலும் ஆண். அதற்குக் கொடுக்கே கிடையாது. கொடுக்குள்ள பெண்ணோ, கையால் பிடித்து நசுக்கினாலொழிய யாரையும் கொட்டுவதில்லை.

குடையும் வேலை முழுதும் பெண்ணுடையது. துளை சிறிது தூரம் உள்ளே சென்று, பின் மரத்தின் நார் ஓடும் திசையில் திரும்பிச் சுரங்கமாகிறது. அதன் கோடியில் மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து ஓர் உருண்டை வைத்து, அதன்மீது ஒரே முட்டை இடுகிறது. பூச்சிகளின் முட்டைகளிலே மிகப் பெரியவற்றுள் இதுவும் ஒன்று. பிறகு மரத்தூளை உமிழ்நீரில் குழைத்துத் தடுப்புச் சுவர், அடுத்த அறை, அடுத்த உருண்டை. இவ்விதம் ஒரு வரிசை.

தனித்து வாழும் ஈக்களிற் பெரும்பாலானவை முட்டையிட்டுப் போனபின் பிள்ளையின் முகத்தையே காண்பதில்லை. நம் கருவண்டுத் தாயோ காத்திருக்கிறது. சிறகு முளைத்து வெளிவந்த பிள்ளைகளுக்கும் ஊட்டுகிறது. இந்தியாவிலும் மேற்காசியாவிலும் வாழும் 'ஸைலோகோபா ப்யூபெஸென்ஸ்' என்னும் வகையை இஸ்ரேலில் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் ஒரு பெண் இரை தேடச் செல்ல, மற்றொன்று வாசலில் காவல் நிற்பதுண்டு. காவல் இல்லாவிடில் அயல்வீட்டுப் பெண் புகுந்து மகரந்தத்தைத் திருடும்; சில சமயம் வீட்டையே பறித்துக்கொள்ளும். ஆகவே, குடும்பம் என்பது அன்பினால் மட்டும் உண்டாவதன்று, திருடர் பயத்தாலும் உண்டாவது போலும்!

பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், வேட்டையாடும் குளவிக் குலத்தில் ஒரு கிளை இறைச்சியை விட்டு மகரந்தத்தை நாடிற்று. ஈக்குலம் முழுதும் அதன் சந்ததி. கருவண்டிலிருந்து தேனீ பிறந்ததாக எண்ணுவது தவறு. இரண்டும் ஒரே மரத்தின் வெவ்வேறு கிளைகள். ஒன்று ஆயிரக்கணக்கானோர் வாழும் ராஜ்யம் அமைத்தது. மற்றொன்று தாயும் மகளுமாக அரைக் குடும்பத்தோடு நின்றுவிட்டது.

இக்குலத்தில் நம் சோழநாட்டுக் கடற்கரையின் பெயர் தாங்கிய ஒன்று உண்டு. தரங்கம்பாடி டேனிஷ்காரர் வசம் இருந்த காலத்தில் அங்கிருந்து பூச்சிகள் பல ஐரோப்பாவுக்குச் சென்றன. ஃபாப்ரீஷியஸ் என்ற டேனிஷ் அறிஞர் 1804-இல் ஒன்றுக்கு 'ட்ராங்க்யூபாரிகா' என்று பெயரிட்டார். அதன் அருமையோ இரு நூற்றாண்டுகள் கழித்தே விளங்கிற்று. மகாராஷ்டிரத்துப் பீமாசங்கர் வனத்தில் ஹேமா சோமநாதன், ரெனீ போர்ஜஸ் முதலிய நம் நாட்டு விஞ்ஞானிகள் அயல்நாட்டு அறிஞருடன் சேர்ந்து ஆராய்ந்து, இவ்வண்டு நிலவற்ற இரவிலும் பறக்கிறது, நட்சத்திர ஒளியிலேயே நிறங்களைப் பிரித்தறிகிறது என்று 2008-இல் வெளியிட்டனர். அந்த இருளில் மனிதர் கண்ணுக்கு நிறமே தெரியாது. பெயரை அந்நியர் வைத்தால் என்ன, பெருமையைக் கண்டு சொன்னவர்களில் நம்மவர் இருக்கிறார்கள்!

தோட்டத்துக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்பவர்கள் கத்தரிப்பூவைப் பார்க்கட்டும். அதன் மகரந்தம் நுனித் துவாரமுள்ள குழல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. கருவண்டு பூவைக் கவ்விக்கொண்டு உடலை அதிரச் செய்கிறது. மகரந்தம் உப்புப் போலக் கொட்டுகிறது. சணப்பு விதை பிடிப்பதற்கும், எருக்கு காய்ப்பதற்கும் இத்தகைய பெரிய ஈக்களின் தயவு வேண்டும். (நம் ஊருக்குப் பெயர் கொடுத்த உளுந்துக்கு வேண்டாம், அது தன் மகரந்தத்தாலேயே காய்த்துக்கொள்ளும்.) ஆனால் நீண்ட குழற்பூக்களில் அடியைக் கிழித்துத் தேனை மட்டும் திருடிச் செல்வதும் இதுவே. முழுச் சாது என்று நாம் சாட்சி சொல்ல மாட்டோம்.

கைமரத்துக்குச் சேதமில்லை என்றும் சொல்வதற்கில்லை. பழைய துளையை ஆண்டுதோறும் நீட்டிக்கொண்டே போனால் மரம் வலுவிழக்கும். வர்ணம் பூசிய மரத்தைவிட வெறும் மரத்தையே இது விரும்புகிறது. ஆகையால் மற்றக் கைமரங்களுக்கு வர்ணம் பூசினோம். குடியிருந்த துளையை மட்டும் குஞ்சுகள் வெளியேறும்வரை விட்டுவைத்து, பிறகு அடைத்தோம். கொல்லையில் கிணற்றடிப் பந்தலின்கீழ், ஒரு பக்கம் கணு விட்டு நறுக்கிய மூன்று மூங்கில் கழிகளைப் படுக்கவைத்துக் கட்டினோம். ஓட்டு வீடுகள் போய்க் காங்கிரீட் தளங்கள் வந்துவிட்ட நாளில் இதற்கு வேறு வீடு ஏது?

இரண்டு கழிகள் இன்னும் காலி. மூன்றாவதன் கீழே நேற்று மரத்தூள் கிடந்தது. சீமெண்ணெய்ப் புட்டியைத் தேடியவர் எவருமில்லை.